பந்து போன வழி சொன்னவள்

பேருந்து நிலையத்தில் அவளுக்கென்று ஒரு கண்ணாடி அறை இருந்தது. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் கழுத்து வளைந்த மைக், சுவரில் ஒரு கடிகாரம். இவ்வளவும் போட்டது போகக் காலை நீட்ட இடம் கிடையாது. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் நிலையம் முழுக்க 'டிங் டாங்' என்று மணியடிக்கும். மணி ஓய்ந்ததும் அவள் குரல் வரும். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது பழுதாகிப் பணிமனைக்குப் போய்விட்டது என்று சொல்லும்.

அந்த மணியே அவளுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. ஊருக்கே அவள் டிங்டாங் அக்கா. அவளைவிட மூத்த ஓட்டுநர்களுக்கும் அக்காதான். கட்டின கணவனே ஒன்றிரண்டு தடவை வாய் தவறி "டிங்டாங்" என்று கூப்பிட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அறிவிப்பு வாசகங்களை மேலிடத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை அப்படியே படிப்பாள். படித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பாள். "மூணாம் நடைமேடைக்கு ஓடி வர்றவங்க மெதுவா வாங்க. டிரைவர் இன்னும் டீக்கடையிலதான் நிக்கிறார்." அதைக் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓட்டுநர் ஓடி வருவார். நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கண்டிப்பார். அவளும் சரி சார் என்று தலையாட்டுவாள். மறுநாள் மறுபடி ஒரு வரி சேர்ந்துவிடும். பயணிகளுக்கு அது பிடித்திருந்ததால் மேலாளரும் அதற்குமேல் போகவில்லை.

இந்தப் பெண்தான் அந்த ஊர் மைதானத்தில் கால்பந்தாட்டத்துக்கு மைக் பிடித்த முதல் பெண். அதற்கு முன்பு பெண்கள் அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததே அபூர்வம். வரக்கூடாது என்று யாரும் பலகை மாட்டி வைக்கவில்லை. யாரும் வரவில்லை, அதனால் யாரும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அவளுக்கு அந்த மைதானம் புதிதல்ல. அவள் பிறந்த வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான் இருந்தது. வீட்டின் பின்புறத்தில் அவளுடைய அம்மாவும் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டுவார்கள். கையெல்லாம் பசை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்டம் சூடு பிடிக்கும்போது கூட்டத்தின் இரைச்சல் மட்டும் இந்தப் பக்கம் வந்து விழும். பை ஒட்டுகிறவர்களுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் மண்டை காயும். அப்போது துணி உலர்த்துகிற சாக்கில் மதில்மேல் ஏறி உட்கார்ந்தவள் இவள். பாவாடைப் பருவம். பார்த்ததைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது அவள் வேலையாயிற்று.

கேட்பவர்கள் ஒருவரும் பந்தாட்டம் பார்த்ததில்லை. கார்னர், பெனால்டி என்றால் விழிப்பார்கள். அதனால் அவள் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழகினாள். "நெட்டையா ஒருத்தன் ஓடறான், அடுப்புல பாலை வச்சது ஞாபகம் வந்தவன் மாதிரி." "குட்டையனுக்குப் பந்து வந்துச்சு. விருந்தாளி வாசல்ல நிக்கும்போது வீட்டுல சர்க்கரை இல்லாத மாதிரி முழிக்கிறான்." கீழே சிரிப்பு அள்ளும். அத்தைக்கு மட்டும் வேறு கவலை.

"யாருடி அந்த நெட்டையன்? கல்யாணம் ஆயிடுச்சாமா?"

"அத்தே, அவன் பந்தைத் தொலைச்சிட்டான்."

"பந்து கிடக்கட்டும். ஆள் எப்படி?"

பின்னாளில் அவள் கட்டிக்கொண்டது பணிமனையில் இயந்திரப் பழுது பார்ப்பவனை. பணிமனை அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். மதில்மேல் இருந்தே பார்த்துப் பிடித்துவிட்டாள் என்று ஊர் கேலி செய்யும். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "கோல் கம்பம் எங்க வீட்டுப் பக்கம்தானே. வருஷக்கணக்கா அவர் முதுகைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தது எல்லாம் பேசி முடிச்ச அப்புறம்" என்பாள். "முதல்லயே பார்த்திருந்தா?" என்று யாராவது கேட்டால், "முதுகு நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவாள்.

அந்த நாளில் மைதானத்தில் மைக் பிடித்தவர் ஒரு நாற்காலிக் கடைக்காரர். கணீரென்ற குரல். அதனால் அவருக்கு 'முழக்கம்' என்று பெயர். முழக்கம் பேச ஆரம்பித்தால் சிங்கம் சீறும், புயல் புறப்படும், மலை நகரும். பந்து எங்கே இருக்கிறது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

ஒருநாள் அவருக்குக் கடைவாய்ப் பல்லடியில் ஈறு வீங்கிக் கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது. அன்றைக்கென்று பணிமனை அணிக்கும் நூற்பாலை அணிக்கும் அரையிறுதி. ஊரே மைதானத்தில் இருக்கிறது, மைக்கில் பேச ஆளில்லை. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்தான் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியையும் பழுது பார்ப்பவர். அவர் நேரே கண்ணாடி அறைக்கு வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, உங்க வேலை முடிஞ்சுதா? கொஞ்சம் மைதானத்துக்கு வரணும்."

"என்னாச்சு? எங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சா?"

"அவருக்கு ஒண்ணுமில்லை. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கலை. முழக்கத்துக்கு வாய் திறக்க முடியலை. நீங்க வந்து பேசுங்க."

"விளையாடறீங்களா? எனக்கு மைக்ல பஸ்ஸை அனுப்பத்தான் தெரியும்."

"பந்தையும் அப்படியே அனுப்புங்க. ஊர்ல மைக்குக்குப் பயப்படாத ஆள் நீங்க ஒருத்தர்தான். வாங்க, வாங்க."

மைதானத்தில் ஆட்டச் சங்கத்தின் செயலாளர் நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றியபடி நின்றார். எதற்கும் நாலு பேரைக் கேட்டு முடிவெடுக்கிற மனிதர். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்களா?"

"வேற வழி இல்ல சார். இல்லேன்னா நீங்க பேசுங்க" என்றார் மைக் செட்காரர்.

பரிசளிப்பு விழா ஒன்றில் செயலாளர் மைக் முன்னால் நின்று, 'அன்பார்ந்த' என்பதற்குமேல் நகராமல் இறங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அவர் நகர்ந்து வழிவிட்டார்.

பலகை அடித்த மேடையில் ஏறி உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் கை பொத்தானைத் தேடியது. அங்கே பொத்தான் இல்லை. மணி அடிக்காமல் பேச அவளுக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் வாயாலேயே "டிங் டாங்" என்றாள். ஒரு நொடி மைதானம் அசையாமல் நின்றது. அப்புறம் பார்வையாளர் காலரி ஒவ்வொன்றாகச் சிரித்தது. யாரோ ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான். "அக்கா, கடைசி பஸ் எப்ப கிளம்பும்?"

"கிளம்பிடுச்சு தம்பி. உங்களை விட்டுட்டுப் போகச் சொல்லி நான்தான் சொன்னேன்."

இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. நடுவர் விசில் ஊதினார். அவள் மதில்மேல் உட்கார்ந்த காலத்தில் சொன்னதுபோலவே சொல்லத் தொடங்கினாள். பந்து எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, அவன் முகம் எப்படி இருக்கிறது. நூற்பாலை அணித் தலைவர் நல்ல உயரம். அவர் பந்தைத் துரத்தி ஓடியபோது, யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. "தலைவர் ஓடறார். அடுப்புல பாலை வச்சது இப்பதான் ஞாபகம் வந்திருக்கு." மைதானத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் சன்னல்கள் திறந்தன. மொட்டைமாடிகளில் பெண்கள் வந்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் இப்படி ஒரு பேச்சை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

ஆட்டம் சமமாகவே போயிற்று. முடியப் போகிற நேரத்தில்தான் அது நடந்தது. நூற்பாலை ஆள் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா தட்டிவிட்ட பந்து. உருண்டு உருண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தது. கோல்கீப்பர் குனிந்தான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து வலையைத் தொட்டது.

அவள் மைக்கைப் பிடித்தபடி கோல் கம்பத்தைப் பார்த்தாள். நிற்பது கணவன். தரை சரியில்லை என்று சொல்லலாம். வெயிலில் கண் கூசியது என்று சொல்லலாம். முழக்கமாக இருந்தால் விதியின்மேல் பழியைப் போட்டு நாலு வரி பாடியே இருப்பார். எல்லார் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது.

"பந்து மெதுவாத்தான் வந்துச்சு" என்றாள் அவள். "கோல்கீப்பர் குனிஞ்சார். ரெண்டு காலுக்கும் நடுவுல இருந்த கதவைச் சாத்த மறந்துட்டார். கோல்."

பணிமனை அணி அந்த ஒரு கோலில் தோற்றது.

கணவன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை இறக்கி, பாகம் பாகமாகப் பிரித்துத் தரையில் பரப்பினான். கோபம் வந்தால் எதையாவது பிரிப்பது அவன் வழக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் திருகாணி கிண்ணத்தில் விழுந்ததும் அவன் வாய் திறந்தான்.

"பந்து ஈரமா இருந்துச்சு."

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட ஈரம் இல்லையா?"

"மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு."

அவன் விசிறி இறக்கையைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"சரி, திறந்துதான் இருந்துச்சு" என்றான். "ஆனா சாத்த மறந்துட்டார்னு சொன்னே பாரு. வீட்டுல வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுப் போறதும் நான்தான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

பணிமனையில் அவனைக் கொஞ்ச நாளைக்கு 'கதவு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் டீக்கடைகளில் வேறொரு பேச்சும் ஓடியது. கட்டின புருஷனையே விட்டுவைக்காதவள் வேறு யாருக்காகப் பூசி மெழுகப் போகிறாள் என்றார்கள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பெயர் அந்த ஒரு கோலில் கிடைத்தது.

இருந்தாலும் சங்கத்துக்குப் புகார் போயிற்று. கொண்டுபோனவர் நூற்பாலை அணித் தலைவர். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னார்.

"சார், வீட்டுல பால் பொங்கினா என் சம்சாரம் அடுப்புப் பக்கம் போறதில்லை. என்னைத்தான் கூப்பிடறா. ஆலையில என்னைப் 'பால்'னு கூப்பிடறாங்க. ஒரு கேப்டனுக்கு இது மரியாதையா?"

செயலாளர் நெற்றியை ஒற்றினார். பந்தாட்டத்துக்கென்று ஒரு கண்ணியமான மொழி உண்டு, சமையலறைப் பேச்சு மைதானத்துக்கு ஒத்துவராது, முழக்கத்துக்குத்தான் பல் சரியாகிவிட்டதே என்று இழுத்தார். எல்லாரும் முழக்கத்தைப் பார்த்தார்கள். அவர் தாடையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் அன்னிக்குப் படுக்கையில கிடந்து கேட்டேன்" என்றார். "வலியோட வலியா ஆட்டம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நான் பேசும்போது எனக்கே தெரியாது." பிறகு, ரொம்பவும் விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "முதல் பாதி எனக்கு. பெரிய மனுஷங்க வர்ற நேரம் அதுதான். ரெண்டாம் பாதி அந்தம்மா பேசட்டும்" என்றார்.

அப்படியே ஆயிற்று. முதல் பாதியில் சிங்கமும் புயலும். இரண்டாம் பாதியில் பாலும் கதவும். அவர்கள் இருவருக்கும் இடையில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இடைவேளையில் அவர் தன் டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்து, "நான் விட்ட இடத்துல சிங்கம் இடது ஓரமா நிக்குது, பார்த்துக்கோம்மா" என்பார்.

இதற்கிடையில் பெண்கள் மைதானத்துக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். முதலில் மொட்டைமாடியில் நின்றவர்கள், பிறகு வாயிலருகே, அப்புறம் காலரியின் ஒரு மூலையில், கடைசியில் எங்கே வேண்டுமானாலும். வந்தவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. மைதானத்தில் ஆண்களுக்கு மட்டுமே கழிப்பறை. அவள் செயலாளரிடம் சொன்னாள். அவர் பார்க்கலாம் என்றார். மறுபடி சொன்னாள். நாலு பேரைக் கேட்க வேண்டும் என்றார். மூன்றாவது தடவை அவள் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் பாதி தொடங்குமுன், பேருந்து நிலையத்துக் குரலில், மிகவும் பணிவாக அறிவித்தாள்.

"டிங் டாங். ஆட்டம் பார்க்க வந்திருக்கிற பெண்கள் கவனத்துக்கு. இந்த மைதானத்துல உங்களுக்குக் கழிப்பறை கிடையாது. பக்கத்துல இருக்கறது பேருந்து நிலையத்துல. போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு கோல் போயிடும். செயலாளர் ஐயா பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். எதைன்னு சொல்லலை."

ஒவ்வோர் ஆட்டத்திலும் இதே அறிவிப்பு, ஒரு சொல் மாறாமல். கொஞ்ச நாளில் அவள் 'டிங் டாங்' என்றதுமே காலரி முழுக்க, ஆண்கள் உட்பட, மீதியைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. செயலாளரால் தெருவில் நடமாட முடியவில்லை. கழிப்பறை வந்தது. திறந்துவைக்க அவளையே கூப்பிட்டார்கள். நாடாவை வெட்டிவிட்டு, "இனிமே யாரும் கோலைத் தவறவிட வேண்டாம்" என்றாள்.

கழிப்பறை வந்த பிறகுதான் அவள் தன் அம்மாவை அழைத்துவந்தாள். மதிலுக்குக் கீழே உட்கார்ந்து பை ஒட்டியபடி அத்தனை ஆட்டத்தையும் காதால் கேட்டவள், மகள் மைக் பிடித்த பிறகும் வீட்டிலிருந்தே கேட்டவள், முதல்தடவையாகக் கண்ணால் பார்க்க வந்தாள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு முழக்கத்துக்கு விட்டுக்கொடுத்து மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"என்னம்மா, எப்படி இருக்கு?"

"என்னடி இது" என்றாள் அம்மா. "ஓடறாங்க, உதைக்கறாங்க, விழறாங்க. இவ்வளவுதானா? நீ சொன்னதுல பாதிகூட இங்க நடக்கலையே."

"இதேதான்மா அன்னிக்கும் நடந்துச்சு."

"போடி. பொய்க்காரி. சரி, இவர் மைக்ல பேசறது ஒண்ணும் புரியலை. நீ போய்ப் பேசு. நான் கண்ணை மூடிக்கிறேன்."

இரண்டாம் பாதி முழுக்க அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சரியான இடங்களில் சிரித்தாள். டிங்டாங் அக்காவிடம் வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு எது என்று கேட்டால் அவள் இதைத்தான் சொல்வாள்.

அந்த ஊரின் பேச்சும் மெல்ல மாறிப்போனது. மருத்துவர் நோயாளியின் நாடியைப் பிடித்தபடி, "பயப்படாதீங்க, இன்னும் விசில் ஊதலை" என்றார். மாமியாரும் மருமகளும் முட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்த மகனை, "ஃப்ரீகிக் அடிக்கறோம், ஓரமா நில்லு" என்று இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினார்கள். தாமதமாக வீடு திரும்புகிற கணவன் வாசலில் நின்று, "உள்ளே வரலாமா, ஆஃப்சைடா?" என்று கேட்டான். பந்தைத் தொடாத வீடுகளிலும் பந்து உருண்டது.

இந்த நிலையில்தான் ஒருநாள் கண்ணாடி அறைக் கதவைக் கண்டக்டர் பெண் ஒருத்தி திறந்தாள். இளவயது, தோளில் தோல்பை, எப்போதும் சண்டைக்கு நிற்கிற முகம்.

"அக்கா, நாங்களும் ஆடலாம்னு இருக்கோம்."

"நாங்கன்னா யாரு?"

"கண்டக்டர் பொண்ணுங்க, ஆபீஸ் பொண்ணுங்க, கேன்டீன்ல அந்தப் பெரியக்கா. நூற்பாலையிலயும் ஒரு அணி சேர்த்துட்டாங்களாம். அவங்க முந்திக்கிட்டா நமக்குத்தான் கேவலம்."

பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. பணிமனையில் வண்டி கழுவுகிற முற்றத்தில் வேலைக்கு முன்னால் ஆடினார்கள். சிமெண்டுத் தரை, எங்கும் தண்ணீர், சோப்பு நுரை. பந்து பேருந்துக்கு அடியில் போனால் படுத்து ஊர்ந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தவள் முதுகெல்லாம் கிரீஸோடு எழுந்து வருவாள். அக்காவின் கணவன் அவர்களுடைய கோல்கீப்பருக்குச் சொல்லிக்கொடுக்க வந்தான். முதல்நாளே, "நான் பண்ணினதை மட்டும் பண்ணாதீங்க. பாதிக் கோல் அதுலயே நின்னுடும்" என்றான்.

அந்த மைதானத்தில் பெண்கள் ஆடிய முதல் ஆட்டத்துக்குக் காலரி தாங்கவில்லை. கேலி செய்ய வந்தவர்கள் ஒரு பாதி, கைதட்ட வந்தவர்கள் மறு பாதி. அன்றைக்கு முதல் பாதியையும் முழக்கம் அக்காவுக்கே விட்டுக்கொடுத்திருந்தார். செயலாளர் மேடைக்கு ஏறி வந்து காதருகே சொன்னார்.

"அம்மா, பொண்ணுங்க புதுசா ஆடறாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துத்தான் சார் எப்பவும் சொல்றேன்."

ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் அதே யோசனை இருக்கத்தான் செய்தது. விசில் ஊதியதும் இரண்டு அணியும் கூட்டமாகப் பந்தைத் துரத்தியபோது, நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஒப்பேற்றிவிடலாமா என்று நினைத்தாள். கீழே கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கணவன் நிற்பது தெரிந்தது. அவனையே விட்டுவைக்காத வாயால் இவர்களை எப்படிப் பூசி மெழுகுவது? அது அந்தப் பெண்களை ஆட்டக்காரர்களாகவே எடுத்துக்கொள்ளாத மாதிரி ஆகிவிடும்.

"பந்து இருக்கிற இடத்துலயே எல்லாரும் நிக்கிறாங்க" என்றாள் மைக்கில். "தள்ளுபடி போட்ட துணிக்கடை வாசல் மாதிரி. மைதானம் பெருசும்மா, கொஞ்சம் பரவுங்க."

பரவினார்கள். ஆட்டம் ஆட்டமாக ஆயிற்று. ஒரு கட்டத்தில் கண்டக்டர் பெண் எல்லாரையும் தாண்டித் தனியாகக் கோல் முன்னால் வந்துவிட்டாள். தடுக்க யாருமில்லை. ஓங்கி உதைத்தாள், மல்லாந்து விழுந்தாள்.

"பந்து அங்கேயே இருக்கு. கால் மட்டும் போயிட்டு வந்துச்சு."

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. கண்டக்டர் பெண் எழுந்து, மேடையை ஒரு பார்வை பார்த்தாள். சுட்டுவிடும் பார்வை. இரண்டாம் பாதியில் அதே பெண், தன் பாதியிலிருந்து பந்தைக் கால் விலகாமல் கொண்டுபோய், இருவரை ஏய்த்து, கோல்கீப்பர் பாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தட்டிவிட்டாள். அதையும் அக்கா ஓர் அங்குலம் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். நூற்பாலைப் பெண்கள் அதற்குப் பிறகு இரண்டு போட்டு ஜெயித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

ஆட்டம் முடிந்து கண்டக்டர் பெண் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். அடுத்த நாள் காலையில் கையில் செய்தித்தாளோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"எங்க அப்பா முன்வரிசையில உட்கார்ந்திருந்தார் அக்கா."

"தெரியும்மா."

"கால் மட்டும் போயிட்டு வந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா. பந்து அங்கேயேதானே இருந்துச்சு."

அந்தப் பெண் செய்தித்தாளை மேசைமேல் போட்டாள். "இதைப் பாருங்க. 'பெண்கள் அழகாக ஆடினர்.' இவ்வளவுதான் போட்டிருக்கான். யார் ஜெயிச்சாங்கன்னு இல்லை. நான் கோல் போட்டேன்னு இல்லை. நான் விழுந்ததையும் போட்டதையும் சொன்னது நீங்க ஒருத்தர்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த முதல் உதை ஏன் தவறிச்சு? மேலேருந்து பார்த்தீங்கல்ல, சொல்லுங்க."

"பந்தைப் பார்க்காம காலரியைப் பார்த்தே."

"அப்பா எழுந்து நின்னுட்டார், அதான்." அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "சரி. என் வண்டி அஞ்சாம் நடைமேடையில நிக்குது. சீக்கிரம் மணியடிங்க."

அதற்கு அடுத்த வருடம் முதல் பெண்கள் அணிகளுக்கும் தனிப் போட்டி வைத்தார்கள். கண்டக்டர் பெண் ஆடி ஓய்ந்து, அந்தப் போட்டியின் நடுவரானாள். முழக்கம் வயதாகி மைக்கை விட்டபோது இரண்டு பாதியும் அக்காவுக்கே வந்தது. தலை நரைத்து, பேருந்து நிலையத்து வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, தொண்டை பழையபடி ஒத்துழைக்காது என்று ஆன பிறகு அவளும் மேடையை விட்டு இறங்கினாள். அவள் இடத்துக்கு வந்தவள் நூற்பாலை அணியில் ஆடிய ஒருத்தி. மூச்சு விடாமல் பேசுவாள். யார் இந்த வருடம் எத்தனை கோல் போட்டார்கள் என்ற கணக்கெல்லாம் விரல் நுனியில். பாலும் கதவும் கிடையாது.

"உங்களை மாதிரி வராது அக்கா" என்று சிலர் வந்து சொன்னார்கள்.

"என்னை மாதிரி எதுக்கு வரணும்?" என்றாள் அவள். "அவ பேசறதைக் கேட்டா ஆட்டம் தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

ஓய்வுக்குப் பிறகு முதல்தடவையாக அவள் வெறும் பார்வையாளராகக் கணவனோடு காலரியில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் இறுதி ஆட்டம். இத்தனை காலமும் உணர்ச்சியை எல்லாம் மைக்குக்குள் கொட்டிப் பழகியவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. முனகினாள், கையை முறுக்கினாள், முன்வரிசைப் பெண்ணின் தோளைக் குத்தினாள். பணிமனைப் பெண்ணைத் தள்ளிவிட்டதற்கு நடுவர் விசில் ஊதாமல் விட்டதும் எழுந்தாள். கணவன் முந்தானையைப் பிடிப்பதற்குள் படிகளில் இறங்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே போய்விட்டாள். நடுவர் வேறு யாருமில்லை, அந்தக் கண்டக்டர் பெண்தான்.

"கண்ணு தெரியலையாடி உனக்கு? அது ஃபவுல்."

"அக்கா, வெளியே போங்க. ஆட்டம் நடக்குது."

"நான் பார்த்தேன்டி."

"நானும் பார்த்தேன். போங்க அக்கா, கார்டு எடுக்க வச்சிடாதீங்க."

அப்போது ஒலிபெருக்கியில் புதியவளின் குரல் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது மைதானம் முழுக்கத் தெரிந்தது. "ஆட்டத்துல இல்லாத ஒருத்தங்க கோட்டுக்குள்ள வந்திருக்காங்க. இந்த வருஷம் இது முதல் தடவை. யாருன்னு எல்லாருக்கும் தெரியும். தயவுசெஞ்சு அவங்க இடத்துக்குப் போகணும்."

காலரி எழுந்து நின்று கைதட்டியது. அவள் விறைப்பாக நடந்து வெளியே வந்தாள். கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து முறைத்தாள். உட்கார்ந்ததும், "ஃபவுல்தான் அது" என்றாள்.

"ஃபவுல்தான்" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கொஞ்சம் நகர்ந்து உட்காரு, எனக்குப் பந்து தெரியலை."